வேலை விளம்பரத்தில் சம்பள வரம்பைக் குறிப்பிடலாமா? ஏற்கெனவே பணியில் இருப்பவர்களுக்கு என்ன பதில் சொல்வது?

கேள்வி: புதுக்கணக்கு

சுமார் 60 பேர் பணிபுரியும் மென்பொருள் சேவை நிறுவனம் ஒன்றில் நிர்வாகப் பொறுப்பில் இருக்கிறேன். ஆட்சேர்ப்புக்கென்று எங்களிடம் தனித் துறை இல்லை; விளம்பரம் எழுதுவது, வரும் விண்ணப்பங்களைப் பிரிப்பது, விண்ணப்பதாரரிடம் முதன்முதலில் தொலைபேசியில் பேசுவது எல்லாம் என் பொறுப்பில்தான் இருக்கின்றன. இதுவரை வெளியிட்ட விளம்பரங்கள் அனைத்திலும் "சம்பளம் தகுதிக்கும் அனுபவத்துக்கும் ஏற்ப" என்ற வரியையே எழுதிவந்தோம். அடுத்த விளம்பரத்திலிருந்து, அந்தப் பணிக்கு நாங்கள் தரக்கூடிய குறைந்தபட்சத் தொகையையும் அதிகபட்சத் தொகையையும் வெளிப்படையாகக் குறிப்பிடலாம் என்று நிர்வாகக் கூட்டத்தில் முன்மொழிந்தேன்.

என் காரணம் எளிமையானது. எழுத்துத் தேர்வு, தொழில்நுட்ப நேர்காணல், மேலாளருடன் உரையாடல் என்று எல்லாக் கட்டங்களையும் தாண்டி வந்த ஒருவர், கடைசியில் நாங்கள் சொல்லும் தொகையைக் கேட்டதும் விலகிவிடுவது அடிக்கடி நடக்கிறது. அவர் தம் அலுவலகத்தில் விடுப்பு எடுத்துக்கொண்டு வந்திருப்பார். எங்கள் மூத்த பொறியாளர்கள் கையிலிருந்த வேலையை நிறுத்திவிட்டு அவரிடம் பேசியிருப்பார்கள். முதல் நாளிலேயே தெரிந்திருக்க வேண்டிய ஒரு தகவலைக் கடைசி நாள்வரை மறைத்துவைப்பதால் யாருக்கு என்ன பயன் என்று எனக்கு விளங்கவில்லை.

கூட்டத்தில் எழுந்த மறுப்புகளில் இரண்டுக்கு ஓரளவு பதில் சொல்ல முடிந்தது. போட்டி நிறுவனங்கள் எங்கள் சம்பள நிலையை அறிந்துகொள்ளும் என்பது ஒன்று. வருகிற எல்லோரும் அதிகபட்சத் தொகையையே கேட்பார்கள் என்பது மற்றொன்று. மூன்றாவது மறுப்புக்குத்தான் என்னிடம் பதில் இல்லை. சந்தையில் சம்பளம் ஏறிய வேகத்துக்கு எங்கள் ஆண்டு ஊதிய உயர்வு ஈடுகொடுக்கவில்லை. அதனால், இன்று புதிதாக வரும் ஒருவருக்கு நாங்கள் தர ஒப்புக்கொள்ளும் குறைந்தபட்சத் தொகையே, அதே பணியை நெடுநாளாகத் திறம்படச் செய்துவரும் சிலர் வாங்கும் சம்பளத்தைவிட அதிகமாக இருக்கிறது. விளம்பரம் வெளியான அன்றே அவர்கள் அதைப் பார்த்துவிடுவார்கள்.

வரம்பை வெளியிடுவது சரிதானா, வெளியிட்டால் எவ்வளவு அகலமான வரம்பு நேர்மையானது, ஏற்கெனவே உள்ளே இருப்பவர்கள் விஷயத்தில் என்ன செய்ய வேண்டும் என்பதை அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

பதில்: ஆள்தேர்வு

வெளியிடுங்கள். நேர விரயத்தைப் பற்றி நீங்கள் சொன்ன காரணம் சரியானதே என்றாலும், அதைவிட வலுவான காரணம் ஒன்று இருக்கிறது. சம்பளப் பேச்சில் அமரும் இரு தரப்பில், ஒரு தரப்புக்கு ஒதுக்கீடு எவ்வளவு, இதே பணியில் மற்றவர்கள் எவ்வளவு வாங்குகிறார்கள், இதற்கு முன் வந்தவர்கள் எந்தத் தொகைக்கு ஒப்புக்கொண்டார்கள் என்பதெல்லாம் தெரியும். மறு தரப்புக்குத் தன் பழைய சம்பளமும் நண்பர்கள் மூலம் கேள்விப்பட்ட சில செய்திகளும் மட்டுமே தெரியும். இந்த நிலையில் "உங்கள் எதிர்பார்ப்பு என்ன?" என்று கேட்பது, விண்ணப்பதாரருக்கு அளிக்கும் உரிமைபோலத் தோன்றினாலும், எதுவும் தெரியாத தரப்பை முதலில் விலை சொல்ல வைப்பதாகவே முடிகிறது.

முதலில் காதில் விழும் எண் நம் மதிப்பீட்டை எவ்வளவு இழுத்துச் செல்லும் என்பதை ஆமோஸ் ட்வெர்ஸ்கியும் டேனியல் கானமனும் 1974-இல் வெளியிட்ட கட்டுரையில் காட்டியிருக்கிறார்கள். ஒரு சக்கரத்தைச் சுழற்றி அதில் வந்த எண்ணைக் காட்டிய பிறகு, ஐக்கிய நாடுகள் அவையில் ஆப்பிரிக்க நாடுகள் எத்தனை விழுக்காடு என்று கேட்டார்கள். 10 என்ற எண்ணைப் பார்த்தவர்களின் நடு மதிப்பீடு 25 விழுக்காடாகவும், 65 என்ற எண்ணைப் பார்த்தவர்களின் நடு மதிப்பீடு 45 விழுக்காடாகவும் இருந்தது. கேள்விக்குத் தொடர்பே இல்லாத ஓர் எண்ணுக்கே இந்த வலிமை இருக்கும்போது, விண்ணப்பதாரர் தயங்கித் தயங்கிச் சொல்லும் எண், அதிலும் அவருடைய பழைய சம்பளத்தை ஒட்டிய எண், பேச்சின் எஞ்சிய பகுதி முழுவதையும் தன் பக்கம் இழுத்துக்கொள்வதில் வியப்பில்லை. முதல் வேலையில் குறைவாகப் பெற்றவர் இரண்டாவது வேலையிலும் குறைவாகவே கேட்கிறார்; அந்தக் குறை அடுத்தடுத்த வேலைகளுக்கும் அவர் கூடவே வருகிறது. குடும்பக் காரணங்களால் சில ஆண்டுகள் வேலையை விட்டிருந்து திரும்பும் பெண்களிடமும், குடும்பத்திலேயே முதன்முதலாக இத்தகைய அலுவலகங்களுக்குள் நுழையும் இளைஞர்களிடமும் இதை நான் மிகுதியாகக் கண்டிருக்கிறேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலம் 2016-இல் நிறைவேற்றி 2018 ஜூலை முதல் நடைமுறைப்படுத்திய சட்டம், வேலை தருவதற்கு முன்பு பழைய சம்பளத்தைக் கேட்கவே கூடாது என்று தடுத்ததும் இந்தச் சங்கிலியை அறுப்பதற்காகத்தான். நீங்கள் வரம்பை முதலில் சொல்லிவிட்டால், பேச்சு பழைய சம்பளத்திலிருந்து தொடங்காமல் பணியின் மதிப்பிலிருந்து தொடங்கும்.

வரம்பின் அகலத்தைப் பொறுத்தவரை, ஒரு பணிநிலைக்கான முழு ஊதியப் பட்டையையும், அதாவது அந்த நிலையில் தரக்கூடிய மிகக் குறைந்த சம்பளம் முதல் மிக அதிகச் சம்பளம் வரை அனைத்தையும், விளம்பரத்தில் போடுவதுதான் பலரும் செய்கிற தவறு. பட்டையின் நடுப்புள்ளியை 100 என்று கொண்டால், பல நிறுவனங்களில் அது 80-இல் தொடங்கி 120-இல் முடியும். ஆனால் 110-க்கு மேல் இருப்பவர்கள் பெரும்பாலும் அதே நிலையில் நெடுநாள் பணியாற்றி அங்கே போய்ச் சேர்ந்தவர்கள். புதிதாக வரும் யாருக்கும் நீங்கள் அந்தத் தொகையைத் தரப்போவதில்லை. தரப்போகாத தொகையை விளம்பரத்தில் காட்டினால், தேர்வாகிறவர் முதல் நாளிலேயே ஏமாற்றத்துடன் உள்ளே வருவார். ஆகவே 88 முதல் 105 வரையில்தான் ஆளெடுக்கப்போகிறீர்கள் என்றால் அதையே எழுதுங்கள். பணியில் வளர்ந்தால் பட்டை எதுவரை நீளும் என்பதை அடுத்த வரியில் தனியாகச் சொல்லலாம். அடிப்படைச் சம்பளத்தையும் ஊக்கத்தொகையையும் ஒன்றாகக் கூட்டி ஒரே எண்ணாகக் காட்டாதீர்கள். ஊக்கத்தொகை முழுமையாகக் கிடைத்தால் மட்டுமே எட்டக்கூடிய ஓர் எண்ணைச் சம்பளம் என்று சொல்வது நேர்மையாகாது.

எல்லோரும் அதிகபட்சத்தையே கேட்பார்கள் என்ற அச்சம் விளம்பரம் அரைகுறையாக எழுதப்படும்போதுதான் உண்மையாகிறது. இரண்டு எண்களை மட்டும் போட்டுவிட்டு, எது யாருக்கு என்று சொல்லாவிட்டால் மேல் எண்ணைக் கேட்பது இயல்புதானே. தொடக்க எண்ணில் எந்தத் திறன்களை எதிர்பார்க்கிறீர்கள், மேல் எண்ணுக்கு அருகே வர எவற்றைத் தனியாகச் செய்யத் தெரிந்திருக்க வேண்டும் என்று ஓரிரு வரிகள் சேர்த்தால், விண்ணப்பதாரர்களே தங்களைப் பொருத்திப் பார்த்துக்கொள்வார்கள். போட்டி நிறுவனங்களைப் பற்றி அதிகம் கவலைப்பட வேண்டியதில்லை. உங்களிடமிருந்து விலகி அங்கே சேருகிறவர்கள் தாங்கள் வாங்கிய தொகையைச் சொல்லித்தான் சேருகிறார்கள்.

உங்கள் மூன்றாவது கேள்விக்குத் தனியாக எழுதுகிறேன். அதற்கு முன்பு மற்றவர்கள் என்ன சொல்கிறார்கள் என்று பார்ப்போம்.

பதில்: சிறுதொழில்

மேலே எழுதியவர் மீது மதிப்பு வைத்தே மாறுபடுகிறேன். நான் ஒரு சிறு நிறுவனத்தின் உரிமையாளர். பெரிய நிறுவனங்களின் வரம்போடு பக்கத்தில் வைத்துப் பார்த்தால் என் எண் எப்போதும் சிறிதாகத்தான் இருக்கும். ஆனால் என்னிடம் சேருகிறவர் விரைவாகப் பொறுப்புப் பெறுகிறார், முழுத் திட்டத்தையும் தம் கையால் கட்டி முடிக்கிறார், மாலையில் உரிய நேரத்தில் வீடு திரும்புகிறார். இவற்றை ஓர் எண்ணுக்குள் அடக்க முடியாது. விளம்பரத்தில் எண் முதலில் நின்றுவிட்டால், இவற்றைச் சொல்வதற்கான வாய்ப்பே எனக்குக் கிடைக்காமல் போய்விடும்.

இரண்டாவதாக, வெளிப்படைத்தன்மை எப்போதும் ஊழியருக்கே நன்மை செய்யும் என்ற நம்பிக்கைக்கு எதிரான ஆய்வும் இருக்கிறது. அமெரிக்க மாநிலங்களில் ஊழியர்கள் தங்கள் சம்பளத்தைப் பற்றி ஒருவரோடொருவர் பேசுவதைப் பாதுகாக்கும் சட்டங்கள் வந்த பிறகு என்ன நடந்தது என்று சோயி கல்லனும் பாபி பக்ஸாத்-ஹர்சனும் ஆராய்ந்தார்கள். சம்பளம் சராசரியாக ஏறத்தாழ 2 விழுக்காடு குறைந்தது என்பது அவர்கள் கண்ட முடிவு. காரணம் புரிந்துகொள்ளக்கூடியதே: ஒருவருக்குக் கூட்டித் தந்தால் மற்ற அனைவரும் அதையே கேட்பார்கள் என்று தெரிந்த முதலாளி, யாருக்குமே கூட்டித் தராமல் இறுக்கிப் பிடிக்கிறார். நானும் அதைத்தான் செய்வேன் என்பதை மறைக்காமல் சொல்கிறேன். அபூர்வமான திறமையுள்ள ஒருவர் வந்தால், அவருக்காக வரம்பைத் தாண்டும் உரிமை எனக்கு வேண்டும்.

அதற்காக இறுதிக் கட்டம்வரை மறைப்பதை நான் ஆதரிக்கவில்லை. முதல் தொலைபேசி உரையாடலிலேயே, விண்ணப்பதாரர் கேட்பதற்கு முன்பாக நாமே தொகையைச் சொல்லிவிட்டால் நீங்கள் கூறிய நேர விரயம் தீர்ந்துவிடும். ஊரறிய எழுதிப்போட வேண்டிய தேவையும் இராது.

பதில்: சட்டவாசிப்பு

ஐயா குறிப்பிட்ட ஆய்வு உண்மையானதே. ஆனால் அது எதை அளந்தது என்பதைக் கவனிக்க வேண்டும். பக்கத்து இருக்கையில் இருப்பவரின் சம்பளம் தெரிவது ஒரு வகை வெளிப்படைத்தன்மை. வேறு நிறுவனங்கள் இதே பணிக்கு எவ்வளவு தருகின்றன என்பது தெரிவது இன்னொரு வகை. அந்த ஆய்வு முதல் வகையைப் பற்றியது. விளம்பரத்தில் வரம்பு வெளியிடுவது பெரும்பாலும் இரண்டாம் வகையைச் சேர்ந்தது. முதல் வகையில் முதலாளியின் கை இறுகுகிறது என்றால், இரண்டாம் வகையில் ஊழியர் வேறிடம் போகும் வழி திறந்துவிடுவதால் நிறுவனங்கள் ஒன்றோடொன்று போட்டியிட வேண்டிய நிலை வருகிறது. அதோடு, தனிப்பட்ட பேரம்பேசும் வலிமை குறைவாக உள்ள ஊழியர்களிடையே அந்தச் சம்பளக் குறைவு சிறிதாகவே இருந்தது என்பதும் அதே ஆய்வின் முடிவுதான். பேரம் பேசத் தெரியாதவர்களைப் பற்றித்தான் இங்கே பேசிக்கொண்டிருக்கிறோம் என்பதால் இது முக்கியம்.

சட்டங்கள் எப்படி நடைமுறைக்கு வந்தன என்பதிலும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ஆஸ்திரியாவில் 2011 முதலே விளம்பரத்தில் குறைந்தபட்ச ஊதியத்தைக் குறிப்பிட வேண்டும். ஆனால் தொழிற்சங்கங்களும் முதலாளிகள் தரப்பும் செய்துகொள்ளும் கூட்டு ஒப்பந்தப்படி உள்ள அடித்தொகையை மட்டும் எழுதி, "தகுதிக்கேற்பக் கூடுதலாகத் தரப்படும்" என்று சேர்த்துவிடும் வழக்கம் அங்கே பரவியதால், அந்த எண்ணிலிருந்து உண்மைச் சம்பளத்தை ஊகிப்பது கடினமாயிற்று. அமெரிக்காவின் கொலராடோ மாநிலச் சட்டம் 2021 ஜனவரியில் நடைமுறைக்கு வந்தபோது, வீட்டிலிருந்தே செய்யக்கூடிய பணிகளுக்கான விளம்பரங்களில் "கொலராடோவில் வசிப்பவர்கள் விண்ணப்பிக்க வேண்டாம்" என்று சில நிறுவனங்கள் எழுதின. தொகையைச் சொல்வதைவிட ஒரு மாநிலத்தின் மக்கள் அனைவரையும் ஒதுக்குவது மேல் என்று அவை நினைத்தது எனக்கு இன்றும் வேதனையளிக்கிறது. அந்த மாநிலத்தில் ஓர் ஊழியர் இருந்தாலே சட்டம் பொருந்தும் என்றும், அப்படி ஒதுக்குவதால் கடமையிலிருந்து தப்ப முடியாது என்றும் அங்குள்ள தொழிலாளர் துறை விளக்கம் தந்தது. நியூயார்க் நகரச் சட்டம் 2022 நவம்பர் 1 அன்று தொடங்கியதும் வேறொரு வழி கண்டுபிடிக்கப்பட்டது: கீழ் எண்ணைவிட மேல் எண் இரு மடங்குக்கும் மேலாக இருக்கும் வரம்புகள் விளம்பரங்களில் தோன்றின. விளம்பரம் வெளியிடும் நேரத்தில் தருவதாக நல்லெண்ணத்துடன் நம்பும் தொகைகளையே குறிப்பிட வேண்டும் என்று அந்தச் சட்டம் சொல்கிறது. அந்த நம்பிக்கையை வெளியிலிருந்து சோதிப்பது எளிதல்ல. கலிஃபோர்னியாவும் வாஷிங்டன் மாநிலமும் 2023 ஜனவரி முதல், 15 அல்லது அதற்கு மேற்பட்ட ஊழியர்கள் உள்ள நிறுவனங்களை இந்தக் கடமைக்குள் கொண்டுவந்தன.

சிறுதொழில் அவர்கள் முன்வைத்த மாற்று வழிக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023-ஆம் ஆண்டு ஊதிய வெளிப்படைத்தன்மை நெறிமுறையில் இடம் உண்டு. உறுப்பு நாடுகள் 2026 ஜூன் 7-க்குள் தங்கள் சட்டமாக்க வேண்டும் என்று காலவரை வைத்த அந்த நெறிமுறை, தொடக்க ஊதியத்தையோ வரம்பையோ விளம்பரத்திலோ, நேர்காணலுக்கு முன்பு வேறு வகையிலோ விண்ணப்பதாரருக்குத் தெரிவித்தால் போதும் என்கிறது. ஆனால் அதே நெறிமுறை பழைய சம்பளத்தைக் கேட்பதைத் தடுக்கிறது. பணியில் இருப்பவர்கள் தங்கள் வகைப் பணியில் ஆண், பெண் இரு பாலரின் சராசரி ஊதியத்தைக் கேட்டுப் பெறும் உரிமையையும் தருகிறது. உள்ளே இருப்பவரை விட்டுவிட்டு வெளியே இருப்பவருக்கு மட்டும் வெளிச்சம் காட்டும் சட்டம் பாதிச் சட்டம்தான் என்பதை அதை எழுதியவர்கள் உணர்ந்திருக்கிறார்கள் என்றே நான் படிக்கிறேன்.

தொலைபேசியில் சொல்வதற்கும் எழுதிப்போடுவதற்கும் ஒரு வேறுபாடு இருக்கிறது. தொலைபேசியில் ஆளுக்கொரு தொகை சொல்ல முடியும். எழுதியதை மாற்ற முடியாது. சொன்ன தொகை எல்லோருக்கும் ஒன்றுதான் என்றால், அதை எழுதுவதில் ஏன் தயக்கம் வர வேண்டும்?

பதில்: பத்தாண்டு ஊழியர்

கேள்வி கேட்டவர் தம் மூன்றாவது மறுப்பில் குறிப்பிட்ட "சிலர்" என்ற கூட்டத்தில் நானும் ஒருத்தியாக இருந்திருக்கிறேன் என்பதால் எழுதுகிறேன். நான் செய்துகொண்டிருந்த அதே பணிக்கு, என் நிறுவனம் வெளியிட்ட விளம்பரத்தில் தொடக்கத் தொகை என் சம்பளத்தைவிட அதிகமாக இருப்பதை ஒரு தோழி அனுப்பிய இணைப்பின் மூலம் அறிந்தேன். புதிதாக வருபவருக்கு வேலை கற்றுக்கொடுக்கும் பொறுப்பும் எனக்கே வந்தது. என்னைத் துன்புறுத்தியது எண்ணின் வேறுபாடு மட்டுமன்று. என் பெயரும் சம்பளமும் இருக்கும் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே யாரோ ஒருவர் அந்த விளம்பரத்தை எழுதியிருக்கிறார், ஒப்புதல் தந்திருக்கிறார், வெளியிட்டிருக்கிறார். அத்தனை பேரில் ஒருவருக்கும் என்னிடம் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றவில்லை. அதுதான் ஆறவில்லை.

இப்படி மனம் உடையும் என்பதற்காகத்தான் வரம்பை வெளியிடக் கூடாது என்று வாதிடுகிறார்கள். அதற்கு ஆய்வுச் சான்றும் காட்டுகிறார்கள். கலிஃபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களில் ஒரு பகுதியினருக்கு, சக ஊழியர்களின் சம்பளத்தைப் பார்க்கக்கூடிய ஓர் இணையதளம் இருப்பதைத் தெரிவித்து, டேவிட் கார்டும் மற்ற மூவரும் நடத்திய ஆய்வு 2012-இல் வெளிவந்தது. தங்கள் துறையில் நடு அளவைவிடக் குறைவாக வாங்கியவர்களின் மனநிறைவு குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. அதிகமாக வாங்கியவர்களிடம் எந்த மாற்றமும் இல்லை. இந்த முடிவைப் படித்துவிட்டு "தெரியாமல் இருந்தால் நிம்மதியாக இருந்திருப்பார்களே" என்று சொல்கிறவர்களிடம் நான் கேட்பது ஒன்றுதான்: அந்த நிம்மதி யாருடைய கணக்கில் சேருகிறது? எனக்குத் தெரியாதிருந்த ஒவ்வொரு மாதமும் எனக்கு வந்திருக்க வேண்டிய பணம் வரவில்லை. காய்ச்சல் இருப்பதை வெப்பமானி காட்டிவிட்டது என்பதற்காக வெப்பமானியை ஒளித்துவைப்பது மருத்துவமாகாது.

தெரியாமல் இருப்பதன் விலை என்ன என்பதற்கு லில்லி லெட்பெட்டரின் வழக்கைவிட வேறு சான்று வேண்டியதில்லை. அமெரிக்காவில் குட்இயர் டயர் ஆலையில் 1979-இல் சேர்ந்து மேற்பார்வையாளராகப் பணியாற்றிய அவர், தம்மைப்போன்ற பணியில் இருந்த ஆண்களைவிடத் தாம் மிகக் குறைவாக வாங்குவதை, யாரோ பெயர் சொல்லாமல் எழுதிவைத்த ஒரு துண்டுச் சீட்டின் மூலம்தான் பணிக்காலத்தின் இறுதியில் அறிந்தார். அவருடைய மாதச் சம்பளம் 3,727 டாலர். அதே நிலையிலிருந்த ஆண்களில் மிகக் குறைவாக வாங்கியவருக்கே 4,286 டாலர், அதிகம் வாங்கியவருக்கு 5,236 டாலர். பாகுபாடு நிகழ்ந்த 180 நாள்களுக்குள் புகார் செய்யவில்லை என்ற காரணத்தைக் காட்டி, உச்ச நீதிமன்றம் 2007-இல் ஐந்துக்கு நான்கு என்ற கணக்கில் அவருக்கு எதிராகத் தீர்ப்பளித்தது. தெரியாத ஒன்றைப் பற்றி 180 நாளில் எப்படிப் புகார் செய்ய முடியும்? குறைக்கப்பட்ட ஒவ்வொரு சம்பளமும் புதிதாகப் புகாருக்குரியது என்று திருத்திய சட்டம் 2009 ஜனவரியில் அவர் பெயரிலேயே வந்தது. ஆனால் அவர் இழந்த தொகை அவருக்குத் திரும்பக் கிடைக்கவில்லை. சம்பளம் குறைந்தால் அதை அடிப்படையாகக் கொண்ட ஓய்வூதியமும் குறையும் என்பதைப் பணியிலிருந்து விலகிய பின்னரும் அவர் அனுபவித்தார்.

ஆகவே, புதுக்கணக்கு அவர்களே, உங்கள் கூட்டத்தில் மூன்றாவது மறுப்பை எழுப்பியவர் தம்மையறியாமல் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டிருக்கிறார். உள்ளே இருப்பவர்களுக்குக் குறைவாகத் தருகிறோம் என்பது நிர்வாகத்துக்கு ஏற்கெனவே தெரியும் என்பதே அந்த உண்மை. விளம்பரம் வெளியிடாமல் இருந்துவிட்டால் அந்த இடைவெளி குறையப்போவதில்லை. புதியவர் சேர்ந்த பிறகு, ஏதோ ஒரு தேநீர் இடைவேளையில் அது வெளியே வரத்தான் போகிறது. அப்போது நிர்வாகத்தின் வாயிலிருந்து கேட்டிருக்க வேண்டியதை அவர்கள் புதியவரின் வாயிலிருந்து கேட்பார்கள்.

புதுக்கணக்கு

அனைவருக்கும் நன்றி. பத்தாண்டு ஊழியர் அம்மா எழுதியதை அப்படியே அச்செடுத்து எங்கள் இயக்குநரிடம் கொடுத்தேன். வரம்பை வெளியிடுவதற்கு அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். ஆனால் குறைவாக வாங்கும் அனைவரையும் ஒரே நேரத்தில் உயர்த்துவதற்கு இந்த நிதியாண்டில் இடமில்லை என்பதும் உண்மை. விளம்பரத்தைத் தள்ளிவைத்தால் ஒப்புக்கொண்ட ஒரு திட்டத்துக்கு ஆள் இல்லாமல் போகும். எதை முதலில் செய்வது? தொடக்க எண்ணைச் சற்றுக் குறைத்துப் போட்டு இந்தச் சிக்கலைத் தவிர்க்கலாம் என்று ஒருவர் யோசனை சொன்னார். அது சரியாகப் படவில்லை.

பதில்: ஆள்தேர்வு

உங்களுக்குச் சரியாகப் படாதது நியாயம்தான். தராத தொகையைப் போட்டு ஆசை காட்டுவது எப்படிப் பொய்யோ, தரப்போகும் தொகையைக் குறைத்துக் காட்டி உள்ளே இருப்பவர்களின் கண்ணை மறைப்பதும் அப்படியே பொய்தான். தேவையான திறமையுள்ளவர்கள் அந்த எண்ணைப் பார்த்து விண்ணப்பிக்காமலே போய்விடுவார்கள் என்பது கூடுதல் இழப்பு.

முதலில், விளம்பரம் செய்யும் அந்தப் பணியில் மட்டும் இப்போது இருப்பவர்கள் ஒவ்வொருவரும் வரம்பில் எங்கே நிற்கிறார்கள் என்று எழுதிப் பாருங்கள். நிறுவனம் முழுவதற்கும் இப்போதே செய்ய வேண்டியதில்லை. சிலர் குறைவாக இருப்பதற்குப் பொறுப்பின் அளவு, பணி நேரம், இன்னும் கற்க வேண்டிய திறன் என்று அவர்கள் முகத்துக்கு நேரே சொல்லக்கூடிய காரணம் இருக்கும். அப்படிச் சொல்ல முடியாத வேறுபாடுகள்தான் நீங்கள் சரிசெய்ய வேண்டியவை. "சேரும்போது குறைவாகக் கேட்டார், அதனால் குறைவாகக் கொடுத்தோம்" என்பது காரணம் ஆகாது. இந்தப் பட்டியலில் ஆண், பெண் என்ற பிரிவையும் ஒரு முறை பார்த்துவிடுங்கள். பலரும் அங்கேதான் எதிர்பாராத ஒன்றைக் காண்கிறார்கள்.

அடுத்து, தொடக்க எண்ணுக்குக் கீழே இருப்பவர்களை மட்டும் விளம்பரம் வெளியாவதற்கு முன்பே அந்தத் தொடக்க எண்ணுக்கு உயர்த்திவிடுங்கள். உங்கள் அளவுள்ள நிறுவனத்தில் இது சிலரைப் பற்றியதாகத்தான் இருக்கும். அவர்களில் ஒருவர் விலகினால் புதியவரைத் தேடுவது, பயிற்சி அளிப்பது, அதுவரை வேலை தேங்குவது ஆகியவற்றுக்கு ஆகும் செலவை இயக்குநரிடம் பக்கத்தில் வைத்துக் காட்டுங்கள். தொடக்க எண்ணுக்கு மேலே இருந்தும் தங்கள் அனுபவத்துக்குரிய இடத்தில் இல்லாதவர்களுக்கு, எந்த மாதத்துக்குள் எந்த அளவு சரிசெய்யப்படும் என்று எழுத்தில் கொடுங்கள். "அடுத்த முறை பார்க்கலாம்" என்ற வாய்மொழி உறுதி வேண்டாம். அந்த உறுதி நிறைவேறும்வரை புதிதாக வருபவருக்கு வரம்பின் மேற்பகுதியைத் தருவதையும் தவிர்க்க வேண்டும். முடியாது என்றால், அந்த மேல் எண்ணை இப்போதைய விளம்பரத்தில் போடாதீர்கள்.

இதில் ஓர் எச்சரிக்கையும் உண்டு. டென்மார்க் 2006-இல் இயற்றிய சட்டம், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட நிறுவனங்கள் ஆண், பெண் ஊதியப் புள்ளிவிவரங்களைத் தங்கள் ஊழியர்களுக்குத் தெரிவிக்க வேண்டும் என்றது. அதன் விளைவை ஆராய்ந்தவர்கள் இடைவெளி குறைந்ததைக் கண்டார்கள். ஆனால் அது பெரும்பாலும் ஆண்களின் ஊதிய உயர்வு வேகம் குறைந்ததால் நிகழ்ந்தது. கீழே இருப்பவரை உயர்த்துவதற்காக மேலே இருப்பவரின் உயர்வைச் சொல்லாமல் கொள்ளாமல் நிறுத்திவிட்டால், இன்னொரு மறைப்பைத் தொடங்கிவைத்தவர்களாவீர்கள். அப்படிச் செய்யத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால், அவர்களிடமும் காரணத்தோடு நேரில் சொல்லிவிடுங்கள்.

பதில்: சிறுதொழில்

சட்டவாசிப்பு அவர்களின் விளக்கத்தைப் படித்த பிறகு ஒன்றை ஏற்றுக்கொள்கிறேன்: எல்லோருக்கும் ஒரே தொகையைத்தான் சொல்வேன் என்றால் எழுதுவதில் எனக்கு இழப்பு இல்லை. அபூர்வத் திறமைக்காக வரம்பைத் தாண்டும் உரிமை வேண்டும் என்பதை மட்டும் விட மாட்டேன். ஆனால் அப்படித் தாண்டும்போது, அந்தக் காரணத்தைக் கோப்பில் எழுதி வைத்து, அதே காரணம் உள்ளே இருக்கும் யாருக்காவது பொருந்துகிறதா என்று பார்க்க வேண்டும் என்பதை இந்த உரையாடலிலிருந்து எடுத்துக்கொள்கிறேன்.

பதில்: பத்தாண்டு ஊழியர்

புதுக்கணக்கு அவர்களுக்கு இன்னும் ஒன்று. உயர்வுக் கடிதத்தைக் கொடுக்கும்போது, அதைத் திறமைக்கான பரிசு என்று எழுதாதீர்கள். சந்தை நிலவரத்துக்கு ஏற்பத் தங்கள் சம்பளத்தை உரிய காலத்தில் திருத்தத் தவறிவிட்டோம், இப்போது திருத்துகிறோம் என்று உள்ளதை உள்ளபடி எழுதுங்கள். சில வாரங்களில் விளம்பரத்தைப் பார்க்கும்போது அவர்களே கணக்குப் போட்டுக்கொள்வார்கள். அந்தக் கணக்கும் உங்கள் கடிதமும் ஒத்துப்போக வேண்டும். முடிந்தால் விளம்பரத்தின் நகலையும் அந்தக் கடிதத்தோடு சேர்த்து, வெளியாகும் நாளுக்கு முன்பே அவர்கள் கையில் கொடுத்துவிடுங்கள்.